முற்றிய இருமல் தேவை

"இன்னொரு தடவை இருமுங்க சார்" என்றார் டைரக்டர்.

கரகரப்பு இருமினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவாளர் எதையோ திருகினார். பிறகு திருகியதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஒருத்தர் கதவைத் தட்டிட்டு, 'உள்ள வரலாமா'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி தொண்டையைச் சரிபண்ணிக்குவாரே, அந்த மாதிரி இருக்கு. இந்த ஆளு சாகக் கிடக்கறாரு. இவ்வளவு மரியாதையா இருமக் கூடாது."

"ஒரு நிமிஷம் தம்பி. இப்பப் பாருங்க."

அடிவயிற்றிலிருந்து முயன்றார். வந்தது, பழைய நண்பனைத் தெருவில் பார்த்துவிட்டவர் போடும் சத்தம் மாதிரி இருந்தது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் டைரக்டர்.

கரகரப்பு என்பது அவருடைய பெயர் அல்ல. பின்னணிக் குரல் கொடுக்கிறவர்கள் வட்டாரத்தில் அவருக்கு விழுந்த பட்டம். பேய், கொள்ளைக்கூட்டத் தலைவன், பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தும் அப்பா என்று, சரளைக்கல் மேல் லாரி போகிற மாதிரி ஒரு குரல் எங்கே தேவைப்பட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குரலில் பாதி பிறவியிலேயே வந்தது. மீதியைச் சிகரெட் போட்டுக் கொடுத்தது.

போன வருஷம் இதே டைரக்டர் அவரை ஒரு விளம்பரத்துக்குக் கூப்பிட்டார். புகை பிடிக்காதீர்கள் என்று சொல்லும் விளம்பரம். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி, 'நான் நிறுத்தியிருக்கலாம்' என்று சொல்வான். கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒரு இருமல். அவ்வளவுதான் விளம்பரம்.

அந்த இருமல் ஊரையே ஒரு உலுக்கு உலுக்கிவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். குழந்தைகள் அப்பாவின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்கள். டைரக்டருக்கு மேடையில் விருது கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் அதை எப்போது இருமினோம் என்றே கரகரப்புக்கு ஞாபகம் இல்லை. அந்த நாட்களில் அவர் பேச்சுக்கு நடுவே இருமினாரா, இருமலுக்கு நடுவே பேசினாரா என்று அவராலேயே சொல்ல முடியாது.

ஒரு நாள் மனைவியோடு சினிமாவுக்குப் போனார். படம் தொடங்கும் முன் இருட்டில் அந்த விளம்பரம் வந்தது. வீட்டில் சின்ன டிவிப் பெட்டியில் கேட்டது வேறு. இங்கே நாலு சுவரிலிருந்தும் அந்த இருமல் வந்து மேலே விழுந்தது. ஏதோ பழைய துணியை நடுவில் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் பக்கத்தில் இருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல. இவன் ரொம்ப நாள் தாங்க மாட்டான்."

வீட்டுக்கு வருகிற வழியில் சிகரெட் பாக்கெட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். மறுநாள் அதே தொட்டியைத் தாண்டிப் போகும்போது கால் கொஞ்சம் தயங்கியது. மனைவி கூடவே வந்ததால் கால் தன் வழியே போயிற்று.

அன்றிலிருந்து இருவரும் காலையில் நடக்கப் போனார்கள். நடை வேக நடை ஆனது. வேக நடை ஓட்டம் ஆனது. முதல் தெருவிலேயே வாயைப் பிளந்தவர், இப்போது பூங்காவை முழுச் சுற்று சுற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பரிதாபமாகப் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தார். தொப்பை இறங்கியது. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டார். படுக்கும்போது நெஞ்சுக்குள் கேட்கும் விசில் சத்தம் நின்றது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டைரக்டர் இரண்டாவது விளம்பரத்துக்குக் கூப்பிடும் வரை.

"பழைய இருமலையே எடுத்து ஒட்டிடுங்களேன் தம்பி" என்று மறுநாள் கேட்டுப் பார்த்தார்.

"அதெப்படி சார்? முதல் விளம்பரத்துல அவனுக்கு ஆரம்பம். இப்ப ஒரு வருஷம் ஆச்சு. முத்திப் போயிருக்கணும். ஆளு முத்திட்டான், இருமல் மட்டும் எளசா இருந்தா ஜனங்க என்ன நெனைப்பாங்க?"

"வேற யாரையாவது விட்டு இரும வையுங்க. நான் பேசிட்டுப் போறேன்."

டைரக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், அந்த விளம்பரம் ஏன் ஜெயிச்சுது தெரியுமா? அதுல பொய் கிடையாது. குரலும் இருமலும் ஒரே தொண்டைலேர்ந்து வந்துது. விருது குடுத்தவங்களும் அதையேதான் சொன்னாங்க."

ஒலிப்பதிவாளர் தன் ஹெட்போனைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"மூச்சு வாங்கினா இருமல் தானா வரும்" என்று டைரக்டரே ஒரு வழி சொன்னார். ஸ்டுடியோ ஐந்தாவது மாடியில் இருந்தது. "கீழேர்ந்து ஓடி வாங்க. வந்ததும் மைக் முன்னாடி நில்லுங்க."

முதல் நாள் ஓடி வந்து நின்றபோது நன்றாகவே மூச்சு வாங்கியது. ஆனால் இருமல் வரவில்லை. "பஸ்ஸை விட்டவன் மாதிரி இருக்கு" என்றார் டைரக்டர். மறுநாள் இன்னும் வேகமாக ஓடி வந்தார். அதற்கு மறுநாள் இரண்டிரண்டு படியாகத் தாவினார். அந்த வாரக் கடைசியில், மேலே வந்து சேர்ந்தவர் முகத்தைக்கூடத் துடைக்காமல், "ஆரம்பிக்கலாமா தம்பி?" என்று மணி அடித்த மாதிரி கேட்டார்.

டைரக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நாளைலேர்ந்து லிஃப்ட்ல வாங்க சார்."

பிறகு மிளகுப்பொடி. கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய், பேச வாயைத் திறக்கும் முன் ஒரு இழு இழுத்தார். தும்மல் வந்தது. ஒன்று அல்ல, வரிசையாக. 'நான் நிறுத்தியிருக்கலாம்' என்பதற்கு முன்னால் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக வந்து, கடைசித் தும்மலில் மைக்கின் உறை கழன்று விழுந்தது.

"இது சளி மருந்து விளம்பரம் இல்ல சார்" என்றார் டைரக்டர் மெல்ல. கோபத்தைத் தாண்டி ஒரு சாந்த நிலைக்கு அவர் வந்துவிட்டிருந்தார்.

அன்று மாலை துணி துவைக்க எடுத்த மனைவி அந்தக் கைக்குட்டையோடு வந்து நின்றாள். அவள் கண்ணில் நீர்.

"என்னங்க இது? பிரிச்சுப் பாத்தேன், கண்ணெல்லாம் எரியுது."

மறைக்க முடியவில்லை. சொன்னார்.

"இருமல் போகணும்னு மருந்து வாங்கறவங்களைப் பாத்திருக்கேன். இருமல் வரணும்னு மிளகுப்பொடி வாங்கற ஆள உலகத்துலயே இப்பதான் பாக்கறேன். இத்தனை நாளா விடியறதுக்கு முன்னாடி எழுந்து உங்க பின்னாடி ஓடி வந்தேனே, எதுக்கு? மறுபடி அதே லொக்கு லொக்கு கேக்கறதுக்கா? வேலை போனாப் போகட்டும், ஆளு இருந்தாப் போதும்னு நான் நெனைக்கறேன், நீங்க என்னடான்னா..."

சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து மொட்டைமாடிக் கொடி வரைக்கும் அவள் திட்டிக்கொண்டே போனாள். முன்பெல்லாம் நடுநடுவே நிறுத்தித்தான் திட்டுவாள், அந்த இடைவெளியில் அவரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். இப்போது அந்த வசதி போய்விட்டது. இவளுக்கும் ஓட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார். ஆனால் மறுநாளே வேறொரு இடத்திலிருந்து அடி விழுந்தது. பல வருஷமாக அவர் குரல் கொடுத்துவந்த தொடரின் பேய்க்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். "உன்னை விட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னார். அறையில் இருந்த எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காதலிகிட்ட சொல்ற மாதிரி இருக்குங்க" என்றாள் பேயிடம் மாட்டிக்கொள்ளும் கதாநாயகிக்குக் குரல் கொடுக்கிற பெண்.

பேயை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொள்ளைக்கூட்டத் தலைவனும் போய்விடுவான் என்று பேச்சு அடிபட்டது. வேறு எந்த வேலையும் தெரியாத மனிதர். இந்த வயதில் புதுத் தொண்டையோடு எந்த வாசலில் போய் நிற்பது?

மறுநாள் ஸ்டுடியோவில் டைரக்டர் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

"சார், நான் சொல்லக் கூடாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த விளம்பரத்தைப் பாத்து எத்தனை ஆயிரம் பேர் சிகரெட்டை நிறுத்துவாங்க?"

"நெறையப் பேர்."

"அவங்க எல்லாரும் நிறுத்தறதுக்காக, நீங்க ஒருத்தர் கொஞ்ச நாளைக்கு..." வாக்கியத்தை முடிக்காமல் டைரக்டர் மேலே பார்த்தார். "பொதுநலம் சார். வேற ஒண்ணும் இல்ல."

கரகரப்புக்கு வந்த கோபத்தில் இரண்டு மாடி இறங்கிவிட்டார். மூன்றாவது மாடியில் பேய் ஞாபகம் வந்தது. இரண்டாவது மாடியில் கொள்ளைக்கூட்டத் தலைவன். கீழே வந்து சேர்ந்தபோது கால்கள் தாமாகவே கடைக்குப் போயின.

"என்ன சார், ஆளையே காணோம்! வெளியூர் போயிட்டீங்களா?" என்று கடைக்காரர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். கரகரப்பு கேட்காமலேயே அவருடைய வழக்கமான பாக்கெட்டை எடுத்து வைத்தார். எதையும் மறக்காத மனிதர்.

ஸ்டுடியோவின் பின்பக்கப் படிக்கட்டில் யாரும் வருவதில்லை. அங்கே போய் உட்கார்ந்தார். சிகரெட்டை வாயில் வைத்ததும் மனைவியின் முகம் வந்தது. கண்ணில் மிளகுப்பொடி எரிந்த அந்த முகம். காலம் முழுக்கப் பிடிக்கப்போவதில்லை, விளம்பரம் முடிகிற வரைக்கும்தான் என்று அவளிடம் மனசுக்குள்ளேயே வாதாடினார். மனசுக்குள்ளும் அவளே ஜெயித்தாள். இருந்தாலும் தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது.

"சார்!"

படிக்கு மேலே ஒலிப்பதிவாளர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் ஹெட்போன் அப்படியே தொங்கியது. இத்தனை நாளில் 'ரெடி', 'டேக்' தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து கரகரப்பு கேட்டதில்லை.

"வேண்டாம் சார். அணைச்சுடுங்க."

"நீங்களாவது சும்மா இருங்கப்பா. எனக்கு மட்டும் ஆசையா? இந்தப் பாழாப்போன இருமல் திரும்ப வரணும்னா இதை விட்டா வழியில்ல."

"எத்தனை பாக்கெட் பிடிச்சாலும் அது உங்களுக்கு வராது சார்."

தீக்குச்சி விரலைச் சுட்டது. உதறினார். "ஏன் வராது? என் தொண்டைல வந்ததுதானே?"

ஒலிப்பதிவாளர் இறங்கி வந்து அவருக்கு அடுத்த படியில் உட்கார்ந்தார். டைரக்டர் வருகிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். டைரக்டர் துள்ளிக் குதிச்சாரு, அதுக்கப்புறம் விருது வேற வந்துடுச்சு, எனக்கு வாய் வரல. நான்தான் அதைக் கொஞ்சம் கட்டையாக்கி உங்க குரலோட சேத்தேன். அன்னிக்கு வெளியில மழைன்னு, கூட வந்த உங்க வீட்டம்மாவை உள்ள கூப்பிட்டு உங்க பின்னாடி நாற்காலி போட்டு உக்கார வச்சீங்கல்ல? இருமினது நீங்க இல்ல சார், அவங்க."