தாடியில் தொங்கிய கிரிம்பிங் டூல்

மூன்டா,
ஜூலை 13, சனிக்கிழமை.

அன்புள்ள ராய்ஸ் மச்சானுக்கு,

உங்கள் தங்கை லோர்னாவைக் கட்டிக்கொண்ட நெவில் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பர்னியில் நீங்களும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டாஸ்மேனியாவில் மழை எப்படி என்று கேட்கச் சொன்னாள் லோர்னா. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரான கடீனாவில் கிளெனிஸின் ஹார்டுவேர் கடையில், நடுப்பகலில், ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில், என் தாடியில் ஒரு கிரிம்பிங் டூல், அதாவது கேபிள் முனையில் ப்ளக்கை அழுத்திப் பொருத்துகிற குறடு, மாட்டிக்கொண்டது. கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்ததால், டூலின் வாயில் எத்தனை பின்னுக்கு இடம் இருக்கிறது என்று முகத்தருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பார்த்தவன் சும்மா இல்லாமல் ஒரு அழுத்து அழுத்தினேன். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறியவரான உங்களுக்குத் தெரியும், ராட்செட் வைத்த டூல் ஒருமுறை கடிக்க ஆரம்பித்தால் முழுசாகக் கடித்து முடிக்காமல் வாயைத் திறக்காது. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. தாடியில் முக்கால் கிலோ இரும்பு ஆட, தலையைக் குனிந்தபடி கல்லாவுக்கு நடந்தேன். வரிசையில் நின்ற ஆறு பேரும் மரியாதையாக வழி விட்டார்கள். கிளெனிஸ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் ஆதலால் அவளுக்கு அந்த மரியாதை கிடையாது.

“என்ன நெவ், பையில போட்டுத் தரவா, இல்ல அப்படியே போட்டுக்கிட்டுப் போறியா?” என்றாள்.

“முதல்ல இதக் கழட்டு தாயே.”

“இருடா. பில் போடணும்னா பார்கோடு எந்தப் பக்கம் இருக்குன்னு பார்க்கணும். கொஞ்சம் இடது பக்கம் திரும்பு.”

கைப்பிடிக்கு நடுவே இருந்த ஒரு சின்ன நெம்புகோலை விரல் நுனியால் தட்டினாள். வாய் திறந்தது. நான் எதுவும் வாங்காமல் வெளியே ஓடி வந்துவிட்டேன்.

நான் ஏன் அந்தக் கடைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். நம் பெண் டாம்சின் அடிலெய்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள் அல்லவா, இனிமேல் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து இருக்கட்டுமா என்று லோர்னாவிடம் கேட்டிருக்கிறாள். ஆனால் முற்றத்துக்கு அப்பால் இருக்கும் பின்னறையில் இன்டர்நெட் லைன் அறுபடாமல் நிற்க வேண்டும். மூன்று நாள் வந்து வேலை செய்து பார்ப்பாள், அறுந்து அறுந்து போனால் அடிலெய்டிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நம் வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? சுரங்கக்காரர்கள் கட்டிய கல் சுவர், இரண்டடி கனம். வைஃபை சமையலறையிலிருந்து கிளம்பி அந்தச் சுவரில் முட்டி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. பின்னறையில் ஜன்னல் மேடை மேல் ஏறி உட்கார்ந்தால் மட்டும் கைபேசியின் இன்டர்நெட்டுக்குக் கொஞ்சம் உயிர் வரும். ஆகவே கேபிள்தான் இழுக்க வேண்டும். சுவருக்குள் இழுப்பதற்கு லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். நம் ஊருக்கு இருக்கும் ஒரே ஆளான ட்ரெவர், எல்லாரையும் போல, இந்த ஜூலைக் குளிருக்குப் பயந்து கேரவனை மாட்டிக்கொண்டு வெயில் தேடி வடக்கே போய்விட்டான், செப்டம்பரில்தான் வருவான். சரி, ஓர் ஆணிகூட அடிக்காமல் தரையோடு தரையாக ஓடவிடுவோம் என்று முடிவு செய்தேன். கடையில் ப்ளக்கோடு விற்கிற ரெடிமேட் கேபிளை வாங்கித் தொலைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். சமையலறை ஜன்னல் சட்டத்தில் பழைய டிவி ஆன்டெனாவுக்குப் போட்ட ஓட்டையில் கேபிள் நுழைகிறது, ப்ளக் நுழையவில்லை, மச்சான். அதனால் கேபிளை ஓட்டையில் விட்ட பிறகு ப்ளக்கைப் போட வேண்டும். அதற்கு இந்த டூல் வேண்டும். சமையலறைப் போனின் வயரையும் நாய் கடித்து வைத்திருந்ததால், போனுக்கான ஆறு பின் ப்ளக் போடுகிற வசதியும் இருந்தால் நல்லது என்று லோர்னா சொன்னாள்.

கிளெனிஸின் முகத்தில் மறுபடி விழிக்க வெட்கப்பட்டு, வியாழக்கிழமை நம் ஊர்ப் பட்டறைச் சங்கத்தில் விஷயத்தை வைத்தேன். சங்கம் ஒன்று வாங்கினால் நான் இரவல் வாங்கிக்கொள்ளலாம் பாருங்கள். அங்கே ரிட்டயரான எட்டுப் பேரும் நானும் ஒரு கொதிகெண்டியும் உண்டு. நான் முன்மொழிந்தேன், ஒருவர் வழிமொழிந்தார், இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார், அந்தத் திருத்தத்துக்கு அவரே திருத்தம் கொண்டுவந்தார். ராட்செட் உள்ளதா இல்லாததா என்பதில் ஐந்துக்கு நான்கு. நெட்வொர்க்குக்கு மட்டுமா, போனுக்கும் சேர்த்தா என்பதில் நான்குக்கு நான்கு, ஒருவர் தூங்கிவிட்டார். கடைசியில் மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைத்து ஆகஸ்டு கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். டாம்சின் வர இன்னும் ஆறே நாள்!

தலைவர் பெர்ஸிக்கு எண்பது வயது, ஆறாயிரம் ஆடு மேய்த்தவர். என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

“தம்பி, இதுக்கு எதுக்குக் காசு? என் வண்டியில இதே மாதிரி ஒண்ணு கிடக்கு. கிட்ட வெச்சுப் பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.”

“அது எதுக்குங்க?”

“கடிக்கிற சாமான் எல்லாம் ஒண்ணுதான்பா. ப்ளக்க நீட்டு.”

கூட்டத்தில் காட்ட எடுத்துப் போயிருந்த பழைய ப்ளக்கை நீட்டினேன். ஒரே அழுத்து. ஆட்டின் காதில் அடையாள வில்லை மாட்டுகிற குறடு அது. ப்ளக்கின் நட்டநடுவில் மஞ்சள் வில்லை தொங்கியது, 417 என்ற எண்ணோடு. பெர்ஸி அதைத் தூரமாகப் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “பிடிப்பு நல்லா இருக்கு. தொலைஞ்சு போனாலும் கண்டுபிடிச்சிடலாம்” என்றார்.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் கிளெனிஸிடமே போனேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் என் பார்க்கிங் நேரம் முடிந்துவிட்டது. பிறகு மூன்று டூல்களைக் கல்லா மேல் வரிசையாக வைத்தாள். முதலாவதில் ராட்செட் இல்லை, கை வலிமைதான். இரண்டாவது ராட்செட் உள்ளது, அதாவது என் பழைய நண்பன். மூன்றாவது, முன்பக்கம் ஓட்டை உள்ள ப்ளக்குக்கானது; வயர்கள் ப்ளக்கைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும், டூலே அழுத்தி, டூலே நுனியையும் வெட்டிவிடும், ஆறு பின்னுக்கும் இடம் உண்டு.

“ஓட்டை ப்ளக்குக்கு ஓட்டை டூல், மூடின ப்ளக்குக்கு மத்தது. கலந்து வாங்கினே, ப்ளக்குக்கு மீசை முளைக்கும்” என்றாள். “உனக்குத்தான் கண்ணு தெரியலையே. இதுன்னா எட்டு வயரோட கலர் வரிசைய வெளியவே பாத்துக்கலாம். மூணாவத எடுத்துக்கோ. தாடிய மட்டும் உள்ள போட்டுக்கோ.”

எடுத்துக்கொண்டேன். அதோடு ஒரு சுருள் கேபிளும், ஒரு பை ப்ளக்கும், கேபிளைச் சோதிக்க ஒரு டெஸ்டரும். நானே கேபிள் இழுக்கப்போவதாகச் சொன்னதும் நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்: “நெவில், நீ ஒரு ஆணிய நேரா அடிச்சு நான் பாத்ததில்ல, ட்ரெவர் வர்ற வரைக்கும் கைய வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

ஞாயிறு முழுக்கச் சமையலறை மேசையில் வேலை. முதலில் முழ நீளத் துண்டில் பழகினேன். லோர்னா ஊர் கிளப்பில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுகிறவள், அதே குரலில் கலர் வரிசையைக் கூப்பிட்டாள்: “வெள்ளை ஆரஞ்சு! ஆரஞ்சு! வெள்ளை பச்சை! நீலம்!” அவள் வேகத்துக்கு என் விரல் ஓடாமல் பன்னிரண்டு ப்ளக் வீணானது. பதின்மூன்றாவது பிடித்தது. பிறகு நிஜக் கேபிள். இந்த முனை, அந்த முனை, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாகப் பச்சை. நான் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். லோர்னா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நெவ், ரெண்டு முனையும் சமையலறையிலேயே இருக்கே?”

இருந்தன, மச்சான். ஓட்டையில் விடவேயில்லை.

ஒரு முனையை வெட்டி, ஓட்டையில் விட்டு, முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியால் கொண்டுபோய், கதவடியால் நுழைத்து, பின்னறையில் மறுபடி ப்ளக் போட்டு, டெஸ்டரை இங்கே ஒரு பாதி அங்கே ஒரு பாதி மாட்டி, எட்டும் பச்சை என்று லோர்னா முற்றத்திலிருந்து கத்தியபோது சூப் ஆறிப்போயிருந்தது. நாய் கடித்த போன் வயரையும் அதே டூலால் சரி செய்தேன். இப்போது அதில் உங்கள் குரல் முன்பைவிட உரக்கக் கேட்கும்.

டாம்சின் புதன்கிழமை வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் வேலை செய்தாள். நான் லாரி நிறுக்கும் எடைமேடை வேலையிலிருந்து திரும்பியதும் தினமும் “லைன் எப்படிம்மா?” என்று கேட்பேன். “சூப்பர்ப்பா, ஒரு தடவகூட அறுந்து போகல” என்பாள். நேற்று சாயங்காலம் இறைச்சி அடைத்த பேஸ்டி சாப்பிடும்போது, தக்காளி சாஸை நகர்த்தி வைத்துவிட்டு, “ஃபிளாட்ட விட்டுடலாம்னு இருக்கேன்” என்றாள். லோர்னா அழுதாள். நான் டூலை எடுத்து வந்து மேசை நடுவில் வைத்தேன்.

ஆகவே, மச்சான், பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது சரியான டூலைத் தேர்ந்தெடுத்த இந்த ஆள்தான் என்பதையும், உங்கள் வார்த்தையை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வதையும், கையெழுத்திட்டு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சட்டம் போட்டு மாட்டுவதாக உத்தேசம். அண்ணிக்கு எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
நிமிர்ந்த நெஞ்சுடன்,
நெவில் பென்ஹேல்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இன்று திங்கள். காலையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பெருக்கும்போது ஒரு கேபிள் முனை கிடந்தது. எடுத்துப் பார்த்தால் பின்னறைக் கேபிளின் முனை. அப்படியானால் இன்டர்நெட் பெட்டியில் மாட்டியிருப்பது என்ன? நான் பழகிய முழ நீளத் துண்டு. டெஸ்டரைக் கழற்றியதும் அவசரத்தில் அதை மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. அதன் மறுமுனை ரொட்டி டப்பாவின் மேல் சும்மா படுத்திருந்தது. பின்னறைக்கு ஒருநாளும் லைன் போகவில்லை.

பூனைபோல முற்றத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். என் மகள் ஜன்னல் மேடை மேல், போர்வை சுற்றி, காலை மடக்கி, மடியில் கம்ப்யூட்டரும் ஜன்னல் கண்ணாடியோரம் கைபேசியுமாக உட்கார்ந்து யாருக்கோ வெள்ளச் சேதம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் திரும்பி வந்து சரியான முனையைப் பெட்டியில் மாட்டினேன். பிறகு தேநீர் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தபோது மேசை முன்னால் நாற்காலியில் இருந்தாள், போர்வை பாதி தரையில்.

“லைன் எப்படிம்மா?”

“சூப்பர்ப்பா. அந்த டூல் செம டூல்.”

“ஆமாமா, தேடிப்பிடிச்சு வாங்கினதாச்சே” என்று சொல்லிக் கோப்பையை வைத்துவிட்டு வந்தேன். நான் முற்றத்தைத் தாண்டுவதற்குள் அவள் மறுபடி மேடைக்கு ஏறுகிற சத்தம் கேட்டது. சமையலறைக் கதவருகே திரும்பி நின்றேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரைக்கும் வந்தது, ஆனால் சொல்லவில்லை: நாற்காலியிலயே உட்காரும்மா, இப்போ நிஜமாவே வருது.