வலியில்லாத கை ஒன்று தேவை

“மூட்டு சார், இருக்கறதுலயே உங்க நம்பர்தான் அதிகம்!” என்றாள் ஆய்வுக்கூடப் பெண்.

கைவிரல் மூட்டுத் தேய்மானத்தைச் சிறுநீர்ச் சோதனையிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு அங்கே அதுதான் பெயர். குருத்தெலும்பு தேய்ந்தால் அதன் துணுக்குகள் சிறுநீரில் வரும். மெஷின் அதை அளந்து சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, விரல் வலியே இல்லாத ஆள் ஒருவர் குறைந்தார். அதனால் அன்று காலை வீட்டிலிருந்து தன்னுடையதையே பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.

“இன்னொரு தடவை போடும்மா.”

போட்டாள். நம்பர் இன்னும் கொஞ்சம் ஏறியது.

அதுவரை சும்மா இருந்த விரல்கள் உடனே வலிக்க ஆரம்பித்தன. பேனாவைப் பிடித்தால் சுருக்கென்றது. கீழே வைத்தால் அதைவிடச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் இரண்டு கைகளையும் நீட்டினார். “ஊர் மூட்டையெல்லாம் பாத்தேன், என் மூட்டைக் கோட்டை விட்டுட்டேன். நான்லாம் ஒரு நிபுணன்!”

“நம்பர் ரொம்ப அதிகமாங்க?”

“பயங்கரம். இந்த நம்பர் இருக்கறவங்க ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது.”

“அப்படியா?” என்றவள், அவர் கழுவ வேண்டிய பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவினாள்.

மறுநாள் காலை அவருக்குச் சட்டைப் பொத்தானும் போட்டுவிட்டாள். மூன்றாவது பொத்தான் வழுக்கிக்கொண்டே இருந்தது.

“சீக்கிரம்மா, டாக்டர் கிளம்பிடுவார். நல்ல கை இருக்கறவங்களுக்கு அதோட அருமை தெரியறதில்ல.”

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல விரல் இருக்கறது அநியாயம் சார்!”

துள்ளிக் குதிக்க வேண்டியவர் இடிந்துபோனார். கை நன்றாக இருந்தால் சோதனை பொய். மூன்று வருடமும் பாழ்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனை எடுத்தார். “டைரக்டர்கிட்ட சொல்லிடறேன். அந்தச் சோதனை தண்டம், அதைக் கட்டிக்கிட்டு அழுத நானும் தண்டம். எல்லாத்தையும் மூடிடலாம்.”

மனைவி போனை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“மெஷினைத் திட்டாதீங்க. அந்தப் பாட்டில்ல இருந்தது என்னோடது. நீங்க குளிக்கப் போனப்ப மாத்தி வச்சேன்.”

அப்போதுதான் அவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். நுனிக் கணுக்கள் ஒவ்வொன்றும் புடைத்துக்கொண்டிருந்தன. அவர் மாணவர்களுக்குக் காட்டும் படம் அப்படியே எதிரில் நின்றது.

“ஐயோ, நேத்தே சொல்லியிருக்கலாமே!”

“ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தாங்க இருக்கேன்.”