தூணுக்குப் பின்னால் தூக்கிய கை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இங்கே நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருப்பதை நேற்று மேடையிலேயே பார்த்தேன்.

உங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நம் கால்பந்துக் கழகத்தின் பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறேன். நீங்கள் தலைவரான பிறகு எனக்குத் தூணுக்குப் பின்னால் நாற்காலி, சகலைக்கு முன்வரிசை. பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். இருக்கட்டும், நான் எழுத வந்தது அதுவல்ல.

மைதானத்தைக் கடைவளாகம் கட்டுகிறவர்களுக்கு விற்கத் தீர்மானம் கொண்டுவந்தீர்கள். விற்றுவிட்டு எங்கே விளையாடுவோம் என்று கேட்கக் கையைத் தூக்கினேன். பக்கத்திலிருந்த பழைய கோல்கீப்பர், "இறக்கிடாதீங்க சார், இறக்கினா மைக் வேற பக்கம் போயிடும்" என்றார். கை தூக்கியே பிழைத்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று இறக்கவில்லை. தோள் வலித்தது, இடது கையால் முட்டுக் கொடுத்தேன். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்று நீங்கள் சொன்னது தூணைத் தாண்டி வரவில்லை. செயலாளர் வரிசை வரிசையாக வந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார், என் முறை வருகிறது போலும் என்று நானும் ஆட்டினேன், அவர் மேடையேறி ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது என்றார். "நம்ம மாப்பிள்ளையே தூக்கிட்டாரு, இனி யாரு என்ன பேச?"ன்னு நீங்க மைக்ல சிரிச்சீங்க. கோல்கீப்பர் என்னைப் பார்த்து, "கேக்கத்தானே தூக்குனீங்க? வித்துட்டீங்களே சார்"ங்கறாரு. எழுந்து கத்தினேன். "கூட்டம் முடிஞ்சுது மாப்ளே, டீ சாப்பிட்டுப் போங்க"ன்னுட்டீங்க. மைக் அப்போதுதான் என் கைக்கு வந்து சேர்ந்தது, அணைத்த பிறகு.

ஆகவே, நெடுநாள் பங்குதாரன் என்ற முறையில் மறு வாக்கெடுப்பு கோருகிறேன். மறுத்தால் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். சகலைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பி.கு.: இதை உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பங்கு எங்கப்பா என் பேர்ல வாங்கினதுங்க. உங்களை யாரு உள்ள விட்டா?" என்று கேட்டாள். உங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று இத்தனை வருஷமும் விட்டிருக்கிறார்கள். ஆகவே மேலே கேட்ட மறு வாக்கெடுப்பு வேண்டாம். என்னுடையது செல்லாத கை. அதைக் கழித்தால் இரண்டு பக்கமும் சமம், சமமானால் விற்கக் கூடாது என்பது கழக விதி. மைதானம் பிழைத்தது. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தங்கையே வருவாள், அவளுக்குத் தூண் ஒத்துக்கொள்ளாது. பங்குதாரர் என்று ஒப்பமிட எனக்கு உரிமையில்லை, மாப்பிள்ளை என்று ஒப்பமிட மனமில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.