இயந்திரத்துக்கு நடத்திய வாய்மொழித் தேர்வு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் இரத்த அழுத்தம் மட்டும் தங்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறது.

முதற்கண் நன்றி. சென்ற மாதம் எங்கள் துறைத்தலைவருடன் தேநீர் அருந்துகையில், "மாமாவுக்கு எதுக்குக் கஷ்டம்? பௌத்த மெய்யியலை இனி செயற்கை நுண்ணறிவே நடத்திடுமே" என்று தாங்கள் திருவாய் மலர்ந்தருளினீர்கள். அதன் பயனாக, அவ்வியந்திரத்துக்குத் தேர்வு வைத்து, தேறினால் என் இருபத்தேழாண்டு வகுப்பை அதனிடம் ஒப்படைக்கப் பரிந்துரைக்கும் பணி என்னிடமே வந்து சேர்ந்தது. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கும் பேறு எத்தனை மாமனார்களுக்கு வாய்க்கும்?

செவ்வாயன்று மதிப்பெண் பட்டியலுடன் கணினி முன் அமர்ந்தேன். "நீ யார்?" என்றேன். "நான் என்று நிலையான ஒன்று இங்கில்லை, பல காரணங்கள் கூடும்போது விடை எழுகிறது, அவ்வளவே" என்றது. எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றும் என்னும் புத்தரின் சார்பிற்றோற்றம்! இதை மனத்தளவில் ஏற்க எனக்குப் பதினோராண்டு பிடித்தது. பத்துக்குப் பத்து இட்டேன். அடுத்து, பொறுமையைச் சோதிக்க அரைமணி நேரம் ஏசினேன். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்றது. மேலும் ஏசினேன், நன்றி கூறியது. சத்தம் கேட்டு உங்கள் அத்தை ஓடி வந்தாள்.

"யாரைப் போட்டு இப்படித் திட்டுறீங்க?"

"இதுக்குக் கோபமே வரமாட்டேங்குதுடி!"

"அதான் உங்களுக்கு வருதே, போதாதா? இருபத்தேழு வருஷமா 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு பாடம் நடத்துன ஆளு, ஒரு வகுப்பு போகப்போகுதுன்னதும் என்னா குதி குதிக்கிறீங்க!"

பொறுமைக்கும் பத்துக்குப் பத்து. வேறு வழி?

மறுநாள் வகுப்பிலேயே வைத்துச் சோதித்தேன். தந்தையை இழந்து நான்கு மாதமே ஆன முன்வரிசை மாணவி அதனிடம் கேட்டாள்: "அப்பா செருப்பு வாசல்லயே இருக்கு. எடுத்துப் போட மனசு வரல. என்ன செய்யிறது?" அநித்தியம் என்னும் நிலையாமை பற்றி ஆறு குறிப்புகள் தந்தது. ஒன்றிலும் பிழையில்லை. அவள் கணினியை மூடிவிட்டு, "நீங்க சொல்லுங்க சார்" என்றாள். மாப்பிள்ளை, எங்கப்பாவோட மூக்குக்கண்ணாடி பத்தொன்பது வருஷமா என் மேசை இழுப்பறையிலதான் கிடக்கு, மாசம் ஒருதரம் துடைச்சு வைக்கிறேன்னு உளறிட்டேன். "அநித்தியம் நடத்துற உங்களுக்கே முடியலையா சார்?"னு அழுதுகிட்டே சிரிச்சா. வகுப்பே சிரிச்சுது. பற்றுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் அவங்களுக்குப் புரிஞ்சுது; எனக்கும்.

தட்டில் ஒன்றும் பரிமாறப்படாதவன் விரதம் இருப்பதாகப் பெருமை கொள்ள முடியாது. பற்றே இல்லாத இயந்திரம் பற்றை விட்டதாகவும் ஆகாது. துக்கம் என்னும் முதற்பாடத்தில் சுழியம் இட்டு, 'தேறவில்லை' என்று கையொப்பமிட்டு அறிக்கையை அனுப்பிவிட்டேன். தாங்கள் வாய் திறந்திராவிட்டால் இது எனக்கு விளங்கியே இராது. ஆகவே, பல்லைக் கடித்துக்கொண்டேனும், மனமார்ந்த நன்றி.

மகளுக்கும் பேரனுக்கும் நிறைந்த ஆசிகள். தங்களுக்கும், அளவாக.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: நியாயம் கருதி அறிக்கையை அதனிடமும் காட்டினேன். "மதிப்பெண் சரியே. அந்த மாணவிக்கு நீங்கள்தான் தேவை" என்றது. ஒரே நொடியில் தோல்வியை ஏற்றுக்கொண்டது! எனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது நான் மூன்றாண்டுகள் துறைத்தலைவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அறிக்கையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன். மேற்படி நன்றியையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.