மோடத்தின் பெயரை அழித்த கதை

இந்தப் புத்தாண்டின் இரண்டாம் நாள் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். மனதுக்குள் மட்டும்தான். வெளியே சொல்லும் தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது.

எங்கள் தைவானில் அன்று கல்யாணமான பெண்கள் புருஷனோடு பிறந்த வீடு போவார்கள். போகட்டும். ஆனால் மாமியார் ஊரான பிங்டுங்கில் என் மூத்த மச்சான் சோள மதுவை ஊற்றி ஊற்றிக் கொடுத்து, மாப்பிள்ளை எப்போது மேனேஜர் ஆவார் என்று இருபது பேர் நடுவில் கேட்பார். ஏழு வருடமாக அதே கேள்வி. நானும் ஏழு வருடமாக அதே நாற்காலி.

ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் தப்பித்தேன். முன்பதிவை காலை ஆறு மணிக்கு இன்டர்நெட்டில் திறந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். என் மனைவி பெய்-ருங் லேப்டாப்பில் இன்டர்நெட்டுக்கான மோடம் அட்டையைச் செருகித்தான் பதிவு செய்வாள். அந்த மாதிரி அட்டைகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதுவதுதான் என் பிழைப்பு. செருகியதும் டிரைவர் "யார் நீ?" என்று கேட்கும். அட்டை தன் கம்பெனி எண்ணைச் சொல்லும். எண் பட்டியலில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வாசலோடு சரி. முந்தின நாள் சாயங்காலம் அவள் லேப்டாப்பில் அந்தப் பட்டியலிலிருந்து அவள் அட்டையின் வரியை மட்டும் அழித்தேன்.

காலையில் நல்ல பிள்ளையாக நடக்கப் போய்விட்டுத் திரும்பினால், பெய்-ருங் நிதானமாகச் சோயாப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் கிடைத்துவிட்டதாம்.

"அட்டையை ஏத்துக்கிச்சா?" என்றேன்.

"மொதல்ல இது யாருன்னே தெரியலைன்னு காட்டுச்சு. அடுத்த வரியிலேயே, மோடம் வேலை தெரியுமாம், சேர்த்துக்கிட்டேன்னு வந்துச்சு. நல்ல டிரைவருங்க. யாரு எழுதினது?"

நான்தான். பெயர் தெரியாத அட்டை வந்தால் என்ன வேலை தெரியும் என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளும்படி போன வருடம் எழுதினேன். ஆபீசில் கைகூடத் தட்டினார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"பட்டியலை நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு யாரோ திருத்தியிருக்கறதா லேப்டாப்பே காட்டுது," என்றாள், டம்ளரைப் பார்த்தபடி. "உங்க பயம் எனக்குத் தெரியாதா? அண்ணன்கிட்ட பேசிட்டேன். இந்த வருஷம் விருந்தாளிங்க பட்டியல்ல உங்க பேரு கிடையாது. குடிக்க வேணாம், பதில் சொல்ல வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றப் பார்த்தேன்?

"அப்போ நான் வர வேண்டாமா?"

"வரணும். சரி, அவருக்கு என்ன வேலை தெரியும்னு அண்ணன் கேட்டாரு. பாத்திரம் நல்லா தேய்ப்பாருன்னேன். உடனே சேர்த்துக்கிட்டாரு."