பதிவுப்படி நான் கடலில் இருந்தேன்

கப்பலில் வேலை பார்க்கிறவன் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கவே கூடாது. சினிமாவில் அது எடுபடும். கதாநாயகன் பெட்டியோடு வாசலில் நிற்பான், பின்னணியில் வயலின் உருகும், அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தூத்துக்குடியில் நான் அப்படி வந்து நின்றதற்குக் கிடைத்தது ஓர் அரிவாள்மனையும் ஓர் ஆம்புலன்ஸும். வயலின் வரவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சரக்குக் கப்பல் ஒன்றில் மூன்றாம் இஞ்சினியர். அம்மா தவறிச் சில வருஷம் ஆகியிருந்தது. அக்காவை நாகர்கோவிலில் கொடுத்திருந்தோம். கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். துறைமுகத்தில் டக் போட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து துறையில் சேர்க்கும் சின்னப் படகு அது. ஆயுசு முழுக்க ஊரான் கப்பலை எல்லாம் கரை சேர்த்தவர், சொந்த மகனை மட்டும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார் (என் மார்க்குக்கு வேறு எந்த வாகனமும் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை).

நடுக்கடலில் இருந்து நான் போன் போட்டால் எங்கள் பேச்சு இப்படித்தான் போகும்.

“எப்பா, எப்படி இருக்கிய?”

“இருக்கேன்.”

“சாப்டாச்சா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு. அங்க மழை உண்டா?”

“இல்ல. சரி, வைக்கட்டா?”

அவ்வளவுதான். தூத்துக்குடியில் மழை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள உலகத்தின் மறுகோடியில் இருந்து போன் பண்ணிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. தானே எழுந்து, தானே தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடியவர், அக்கா வந்திருந்தபோது நொண்டி நொண்டி நடந்து மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அக்காவும் நானும் சேர்ந்து அவரை ஓர் அவசர உதவிச் சேவையில் சேர்த்துவிட்டோம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுப்பார்கள். அதை அமுக்கினால் முன்னறையில் வைத்திருக்கும் பெட்டி வழியாகச் சென்னையில் இருந்து ஆள் பேசுவார்கள். பதிலில் கோளாறு தெரிந்தால் பக்கத்து வீட்டுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டில் யார், சாவி யாரிடம், நாய் கடிக்குமா, என்ன மாத்திரை என்று அவர்கள் கேட்ட விவரம் எல்லாம் கப்பலில் இருந்தபடியே நான்தான் சொன்னேன். அலாரத்தை மாட்ட வந்த ஆள் அப்பாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: “விவரம் ஏதாவது மாறுச்சுன்னா உடனே எங்களுக்குச் சொல்லிரணும் சார்.”

இனி என் ஆசைக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவை நான் ஊருக்கு வரும்போதும் அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பார். என் கையிலிருந்து பெட்டியை வாங்குவார், “ரயில் லேட்டோ?” என்பார். தீர்ந்தது வரவேற்பு. இஞ்சின் அறை வெக்கையில் வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் நான் ஒரே ஒரு காட்சியைத்தான் நினைத்துக்கொள்வேன். கதவைத் தட்டுகிறேன், அப்பா திறக்கிறார், என்னை எதிர்பார்க்காத அந்த முகம். ஒழுங்குபடுத்த நேரம் கிடைப்பதற்கு முன்னால் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவர் என்னைத் தேடுகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டால் சொல்கிற மனுஷர் இல்லையே!

வாய்ப்பு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் வந்தது. மாற்று ஆள் சீக்கிரமே கிடைத்ததால் ஒப்பந்தம் முடியும் முன்பே என்னை இறக்கிவிட்டார்கள். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. விமானம், ரயில், ஆட்டோ என்று மாறி மாறி ஒரு காலை நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றேன்.

கதவு பூட்டிக் கிடந்தது.

கடல்கள் தாண்டி வந்தவன் ஒரு பூட்டுக்கு மலைப்பேனா? பின்பக்கம் போனேன். குசினிக் கதவின் கொக்கியை வெளியில் இருந்து ஒரு குச்சியால் நெம்பித் திறக்கும் வித்தை பள்ளிக்கூட நாளிலேயே எனக்கு அத்துப்படி. இப்போதும் திறந்தது. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. “எப்பா” என்று கூப்பிட்டேன்.

முன்னறைக்கு வந்தேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாதாவின் கழுத்தில் அந்த அவசரப் பொத்தான் தொங்கியது.

எந்நேரமும் கழுத்தில் கிடக்க வேண்டியதை இந்த மனுஷர் மாதாவுக்குச் சார்த்திவிட்டு எங்கே போனார்? (வெளியே போகும்போதெல்லாம் அங்கேதான் மாட்டிவிட்டுப் போவாராம். “தொலைஞ்சிரும்லா. அவ பாத்துக்கிடுவா.”) கோபத்தோடு அதைக் கழற்றிக் கையில் எடுத்தேன். கப்பல் இஞ்சினையே பிரித்து மாட்டுகிறவன் இல்லையா, இந்தப் பொத்தான் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று லேசாக அமுக்கிப் பார்த்தேன்.

நன்றாகவே வேலை செய்தது.

“வணக்கம் சார், என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?” என்றது பெட்டி. ஒரு பெண்ணின் குரல்.

“ஒண்ணுமில்லைங்க, தெரியாம அமுக்கிட்டேன். நான் அவரோட மகன்.”

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது.

“சார், எங்க பதிவுப்படி மகன் இப்ப கடல்ல இருக்கார்.”

“இல்லைங்க, வந்துட்டேன்.”

“டர்பன்ல இருந்து கிளம்பி சிங்கப்பூர் போயிட்டு இருக்கார் சார். நேத்துதான் அப்டேட் ஆகியிருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கப்பலின் போக்கு சென்னையில் இருக்கிற இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? “இதெல்லாம் யாருங்க உங்களுக்குச் சொன்னது?” என்று கேட்டேன்.

“அதை வெளியாட்களுக்குச் சொல்ல முடியாது சார்.”

வெளியாள்! சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணை வாங்கியபோது எடுத்த என் புதுநன்மைப் போட்டோவுக்குக் கீழே நின்றுகொண்டு இதைக் கேட்டேன்.

“சரி, அடையாளச் சொல் சொல்லுங்க, ரத்து பண்ணிடலாம்” என்றாள். அப்பாடா! அது நான் கொடுத்ததுதான். “டைகர்” என்றேன். எங்கள் நாயின் பெயர்.

“அது மாத்தியாச்சு சார்.”

நான் கொக்கியை நெம்பியபோது வீட்டில் எதுவும் குரைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டைகர் போய்விட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. துக்கப்பட நேரமில்லாமல் யூகிக்க ஆரம்பித்தேன். அம்மா பெயரைச் சொன்னேன், அக்கா பெயரைச் சொன்னேன், அப்பா ஓட்டிய டக் போட்டின் பெயரைச் சொன்னேன். கடைசியில் எனக்குப் பிடித்த சீலா மீன் என்றுகூடச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “இல்லை சார்” என்றாள். மரியாதை கூடிக்கொண்டே போனது.

“சார், பதட்டப்படாம உட்காருங்க. உங்க குரல் அப்படியே அந்த வீட்டு சார் குரலாத்தான் இருக்கு. நீங்கதான் அவர், கொஞ்சம் குழம்பியிருக்கீங்கன்னு நினைக்கிறேன். ஆள் வர்றாங்க.”

ஆள் வந்தது. முன்கதவைச் சாவி போட்டுத் திறந்து, கையில் மீன் செதில் ஒட்டிய அரிவாள்மனையோடு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். நான் பெயர் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போதோ வீட்டை விற்றுவிட்டுப் போய், சாயர்புரத்தில் இருந்து இவர் குடிவந்திருக்கிறார். பெயர் எஸ்தர். அப்பா ஒழுங்காக அதையும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

“ஏலே, யாருலே நீ? எப்படிலே உள்ள வந்தே?”

“அக்கா, நான் இந்த வீட்டுப் பையன்.”

“இந்த வீட்டுப் பையன் கப்பல்ல கெடக்கான். அண்ணாச்சி நேத்துகூட சொன்னாவ.”

நான் சுவரில் இருந்த புதுநன்மைப் போட்டோவைக் காட்டினேன். மெழுகுவர்த்தியோடு நிற்கும் சிறுவனை ஒரு பார்வை பார்த்தார். தாடியோடு நிற்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அந்தப் பிள்ள லச்சணமா இருக்கு” என்றார்.

அதற்குள் ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. வந்த இரண்டு பேரும் என்னை உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றிக் ரத்தக் கொதிப்புப் பார்த்தார்கள். ஏறிக் கிடந்தது, ஏறாமல் என்ன செய்யும்?

“அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?”

கடலில் கிழமை யாருக்குத் தெரியும்? யோசித்துப் பார்த்து “வியாழன்” என்றேன். சனிக்கிழமையாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கடல்ல இருக்கவன் நாந்தான், வந்துட்டேன்னு பேத்துதான்” என்று எஸ்தர் அக்கா வேறு எடுத்துக்கொடுத்தார். என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, உதறாமல் இருக்க ஒரு வாரையும் மாட்டி, வாசலுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் அப்பா வந்தார்.

கையில் பையோடு கடற்கரையில் இருந்து நடந்து வந்தவர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸைப் பார்த்தார். அந்த வீட்டில் நோயாளியாக இருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவர் தெருவில் நிற்கிறார். அப்படியென்றால் யார்? கூட்டம் விலகியது. ஸ்ட்ரெச்சரில் நான் கிடந்தேன்.

நான் ஆசைப்பட்ட முகத்தைப் பார்த்துவிட்டேன். கடலில் இருந்து என்னைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். வாய் திறந்து கிடந்தது. பை கையிலிருந்து நழுவியது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

“எப்பா! எனக்கு ஒண்ணுமில்லப்பா! லீவுல வந்திருக்கேன்!” என்று கத்தினேன்.

ஓடி வந்து என் முகத்தைத் தடவினார், கையைத் தடவினார், காலை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் மண்டையில் ஒன்று வைத்தார். “சொல்லிட்டு வந்தா என்னலே? சீலா வாங்கியிருப்பம்லா!” கீழே கிடந்த பையில் இருந்தது ஓர் ஆளுக்குப் போதுமான சாளை மீன். அதையும் அதற்குள் ஒரு பூனை கவ்விக்கொண்டு போய்விட்டது.

வாரை அவிழ்த்ததும் இருவரும் உள்ளே போனோம். பெட்டி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. “சார் வந்துட்டீங்களா? அடையாளச் சொல் சொல்லுங்க சார்.”

“பொறவு சொல்லுதேன்” என்றார் அப்பா.

“எப்பா, இப்பவே சொல்லிருங்க, இல்லன்னா போலீசு வந்துரும்” என்று நான் பதறினேன்.

“நன்றி சார், சரியா இருக்கு” என்றது பெட்டி.

டைகர் செத்த அன்றைக்கு, “விவரம் மாறிட்டு, அவன் பேர எடுத்துரு தாயி” என்று அப்பா போன் பண்ணியிருக்கிறார். புதுச் சொல் என்ன வைக்கட்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். “பொறவு சொல்லுதேன்” என்றார். சென்னைப் பெண் அதையே தட்டி ஏற்றிவிட்டாள். “நல்ல சொல்லுதான? எவன் கண்டுபிடிப்பான்?” என்றார் என்னிடம், பெருமையாக.

“சார், மகன் இருக்கிற இடத்தையும் மாத்திடவா?” என்று அவள் கேட்டாள். பிறகு என்னிடம், “தப்பா எடுத்துக்காதீங்க சார். கப்பல் நகர்ந்தா உடனே அப்பா கூப்பிட்டுச் சொல்லிடுவார். இதெல்லாம் வேண்டாம்னு சொன்னாலும் விட மாட்டார்” என்றாள்.

“அவன் முகவரிய நீங்கதான கேட்டிய?” என்று அப்பா பெட்டியைப் பார்த்து எகிறினார். “கப்பலுதான் அவன் முகவரி. அது ஒரு எடத்துல நிக்காட்டா நான் என்ன செய்ய?”

கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஒரு செயலியைப் போனில் போட்டுத் தரச் சொல்லி அக்காவை நச்சரித்திருக்கிறார். காலையில் ஜெபம் முடிந்ததும் அதைத்தான் திறப்பாராம். என்னிடம் மழை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்த மனுஷர், என் ஒவ்வொரு துறைமுகத்தையும் முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்திருக்கிறார். கொதிப்புப் பார்த்த பட்டை அப்போதும் என் கையில்தான் இருந்தது, அவிழ்க்க மறந்துவிட்டார்கள்.

“எழுதிக்கோ தாயி. மகன் வீட்டுல இருக்கான்” என்றார் அப்பா.

“எது வரைக்கும் சார்?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த கப்பல் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அது எழுத வேண்டாம். வந்துட்டான்னு மட்டும் எழுது.”

அதற்குப் பிறகு எத்தனையோ கடல் போய்விட்டேன். கல்யாணமும் ஆகிவிட்டது. விவரம் சரிதானா என்று அந்தச் சேவையில் இருந்து அவ்வப்போது கூப்பிட்டுக் கேட்கிறார்கள். மாத்திரை மாறினதை அப்பா சொல்கிறார், எஸ்தர் அக்கா போன் நம்பரை மாற்றினதைச் சொல்கிறார். மகன் என்று கேட்டால் மட்டும், “வீட்டுலதான் இருக்கான்” என்கிறார். நான் எங்கே இருக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் யாராவது விசாரித்தால், “அலாரம் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளுங்க, குசினியில நிக்கான்னு சொல்லுவாவ” என்று அக்கா சொல்ல, என் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இடத்தில் அக்கா நம்பரையும் என் பெண்டாட்டி நம்பரையும் கொடுத்துவிட்டேன், அதனால் ஆபத்து ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தச் சொல்லலாம் என்று பல தடவை போனைக் கையில் எடுத்திருக்கிறேன். விவரம் தப்புதான். இருந்துவிட்டுப் போகட்டும்.