நாலு பேர் சோற்றைத் தின்றவன்

நாலு பேர் சாப்பிட வேண்டிய சோற்றை என் பதினைந்தாம் வயதில் நான் ஒருவனே தின்று முடித்திருக்கிறேன். அதுவும் என் லாத்தாவின் (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்; அப்பா வாப்பா, அம்மா உம்மா) கல்யாண விருந்தில், சம்பந்தி முன்னால். பெருமைக்குச் சொல்லவில்லை, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வாப்பா பதினோரு வருடம் கொழும்பில் கடை வைத்திருந்துவிட்டு, ஐம்பதுகளின் கடைசியில் கீழக்கரைக்கே திரும்பி வந்தார். அதுவரை வீட்டை ஆண்டவள் உம்மா. இனி யார் பேச்சு செல்லுபடியாகும் என்பதில் தகராறு முற்றி, இருவரும் நேருக்கு நேர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான்தான் தபால்காரன்.

“ஒங்க உம்மாட்ட சொல்லு, ஆணத்துல உப்பு கூடிப்போச்சுன்னு.”

“ஒங்க வாப்பாட்ட சொல்லு, கொழும்புலயே இருந்திருந்தா உப்பு சரியா இருந்திருக்கும்னு.”

(ஆணம் என்றால் குழம்பு. இருவருக்கும் நடுவே நாலு முழம்கூட இருக்காது.) அடுத்த தபாலில் கூச்சல் கிளம்பிவிடும். அதற்குள் தட்டைக் காலி செய்துவிட்டு ஓடப் பழகினேன். லாத்தா நேர்மாறு. முதல் பேச்சிலேயே “பசிக்கல” என்று எழுந்து கை கழுவிவிடுவாள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தார்கள்.

விருந்தில் சம்பந்தியோடும் இரண்டு பெரியவர்களோடும் என்னை ஒரே சகனில் உட்கார வைத்தார்கள். சகன் என்றால் ஒரு பெரிய தட்டு, நாலு பேருக்கும் அதில்தான் சோறு. அவரவர் தன் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் இறைச்சியைப் பெரியவர் பிய்த்துக் கொடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது வாப்பா என் பின்னால் வந்து குனிந்தார்.

“சாப்புட்டுட்டு ஒங்க உம்மாட்ட போய்க் கேளு, இத்தன பேருக்கு இவ்வளவுதான் ஆக்கிருக்காளான்னு.”

தபால் வந்துவிட்டது. அதற்குமேல் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. என் பக்கம் முடிந்தது, இறைச்சி முடிந்தது, சம்பந்தியின் பக்கம்வரை தோண்டிவிட்டேன். அவர் பேச்சை முடித்துக் கையை நீட்டியபோது தட்டின் அடி தெரிந்தது.

“என்ன தம்பி, அவ்வளவு பசியா?”

“இல்ல மாமா. சண்ட தொடங்குறதுக்குள்ள சாப்புட்டுப் பழகிப்போச்சு.”

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். சம்பந்தி வாப்பாவை நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “அப்ப எம் மவன் ஒங்க வீட்டுல எப்பங்க சாப்புடுவான்?”

மகனை அனுப்ப மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் லாத்தாவின் வாழ்க்கை என் வாயால் போயிற்று. அன்று முழுக்கப் பயத்தில் அழுதேன்.

மறுநாள் லாத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், வந்துவிட்டார். அவரோடு சாப்பிட உட்கார்ந்த வாப்பா, ஒரு வாய் வைத்தார். நான் வழக்கம்போலத் தயாரானேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஆணம் நல்லாருக்கு” என்றார்.

உள்ளே சட்டியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்றாள் உம்மா.

வேலை போன தபால்காரனுக்கு அடுத்த வாய் இறங்கவில்லை. சண்டை ஓய்ந்துவிடவில்லை, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கூடாது என்பது அன்றிலிருந்து வீட்டுச் சட்டமானது. அன்று லாத்தா இரண்டாம் தடவை சோறு வாங்கினாள் என்று உம்மா பிறகு சொன்னாள்.

இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் உட்கார்ந்தால் என்னோடு சேர யாரும் வருவதில்லை. “இவனுக்குத் தனிச் சகன் வைங்கப்பா!” என்று மச்சான் குரல் கொடுப்பார். பந்தலே சிரிக்கும். பெண்கள் பக்கமிருந்து லாத்தா சிரிப்பதும் கேட்கும். வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறாள் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும்.